அக்காவுக்கு வந்த நல்ல ரிப்போர்ட்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் என் மதியச் சாப்பாட்டைக் குப்பைத் தொட்டியில் கொட்டியவரை எனக்கு எப்படிப் பிடிக்கும்? சோறும் மீன் சம்பலும். அம்மா விடியற்காலையில் எழுந்து கட்டிக்கொடுத்தது. ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜில் ரத்த மாதிரிக் குப்பிகளும் யூரின் போத்தல்களும் இருக்கும். கடைசித் தட்டில் நாங்கள் சாப்பாடு வைப்போம். எல்லோரும் வைத்தார்கள், நானும் வைத்தேன். வார்டிலிருந்து மாதிரிகளைத் தட்டில் அடுக்கி எடுத்துவந்த அட்டெண்டன் அக்கா கதவைத் திறந்தார், பார்த்தார், டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். பிறகு அதைச் சோப்புப் போட்டுக் கழுவி என் மேசையில் வைத்தார்.

"பசிச்சா கேன்டீன்ல சாப்பிடுங்க மிஸ். இதுவும் அதுவும் ஒண்ணா இருக்கக் கூடாது."

நான் பினாங்கில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா வீட்டுப் பெண்; இங்கே கிராணி என்போம். அப்பா துறைமுகத்தில் கிராணி, பெரியப்பா ரயில்வேயில் கிராணி. மூத்திரச் சட்டி கழுவுகிற ஒருவர் எனக்குச் சுத்தம் சொல்லித்தருவதா என்று உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் தலைமை டெக்னீஷியன் ஒரு சீனர். அவரிடம் போய்ப் புகார் சொன்னேன். போன வருஷம் தன்னுடைய மீ நூடுல்ஸையும் அந்த அக்கா கொட்டிவிட்டதாகச் சொல்லி அவர் சிரித்தார். அன்று மதியம் நான் பட்டினி கிடந்தேன். கேன்டீனுக்குப் போனால் அக்கா ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்ற வீம்பு.

அது எழுபதுகளின் கடைசி. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பது ஒரு காரணம். அவர் மகள் இன்னும் இருக்கிறாள் என்பது இன்னொன்று.

குள்ளமும் இல்லை உயரமும் இல்லை. நிமிர்ந்த முதுகு. காலையில் போட்ட கொண்டை சாயங்காலம் வரை கலையாது. மருத்துவமனையில் அவர் செய்யாத அசிங்கமான வேலை இல்லை. கிழவர்களின் கீழ்த்துணி மாற்றுவார், சட்டி எடுப்பார், வாந்தியை வாரிக் கொட்டுவார், செத்தவர்களைத் துடைத்துக் கட்டுவார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. புதிதாக வரும் நர்ஸுகள் மூக்கைப் பொத்தினால் மட்டும் கோபம் வரும். "மனுசன்ல பாதி கழிவுதான்லா. உனக்கும் அப்படித்தான். மூக்குலருந்து கைய எடு," என்பார்.

ஆனால் அந்த வேலை மருத்துவமனை வாசலோடு சரி. வீட்டுக்குள் அதன் நிழல்கூட வரக்கூடாது. அவர் குடியிருந்தது நகரத்துக்குள் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். கீழே ஒரு சீனர் சவப்பெட்டிக்கு வர்ணம் அடிக்கிற கடை வைத்திருந்தார். செங்குத்தான மரப்படி. மாடிக்குப் பின்னால் கூரை இல்லாத ஒரு திறந்த இடம். அங்கேதான் குழாயும் கழிவறையும். தெருவிலிருந்து ஏறிவந்ததும் அக்கா நேராகப் பின்பக்கம் போவார். சீருடையைக் கழற்றி வாளியில் ஊறவைப்பார், தலைக்கு ஊற்றுவார், கொடியில் காயும் வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் அறைக்குள் கால் வைப்பார். மழை, காய்ச்சல், தீபாவளி, எதற்கும் இந்த ஒழுங்கு மாறாது. வேலைக்குப் போடும் சிலிப்பர்கூட வெளியே ஆணியில் தொங்கும்.

இந்த ஒழுங்கில் எனக்குப் பயம் தட்டிய சம்பவமும் ஒன்று உண்டு. அவர் கணவருக்குக் குடலில் கட்டி. முற்றிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கணவருக்கும் வீட்டில் சாகத்தான் ஆசை. அக்கா கொண்டுபோகவில்லை. மேட்ரனிடம் கெஞ்சி வார்டின் கோடியில் ஒரு கட்டில் வாங்கினார். விடுப்பு எடுத்துக்கொண்டு ஐந்து வாரம் அந்தக் கட்டில் பக்கத்திலேயே கிடந்து எல்லாம் தானே செய்தார். வேறு ஒரு அட்டெண்டனையும் கிட்டே விடவில்லை. அந்த மனிதர் வார்டில்தான் செத்தார். கல் நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காறித் துப்பினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஏன்க்கா, வீட்டுக்குக் கொண்டு போயிருக்கலாமே?"

"வீட்ல சாமி இருக்கு மிஸ். இங்க செய்யறத அங்கயும் செஞ்சா, அப்புறம் நான் எங்க போய் மனுசியா இருக்கறது?"



ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கோயிலில் ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் இல்லாத வேலை. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் விளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து வைப்பது. ஒருமுறை போயிருந்தபோது பார்த்தேன். தூணோரம் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஒரு குத்துவிளக்கை மடியில் கிடத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியான முகத்தை வார்டில் நான் பார்த்ததே இல்லை. "முப்பது வருசம் என்னத்தையெல்லாமோ கழுவின கை. இப்ப இதக் கழுவுது. போதும் மிஸ் எனக்கு," என்றார்.

எங்களுக்குள் எப்படிச் சிநேகம் வந்தது என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு வந்தது. அவர் மட்டும் என்னைக் கடைசி வரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், அவருக்கு அறுபது தாண்டியிருந்தபோது, அந்த நிமிர்ந்த முதுகு வளையத் தொடங்கியது. எப்போதும் கணுக்காலுக்கு மேல் நிற்கும் சேலை தரையில் புரண்டது. அவருடைய ஒரே மகள் கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் இருந்தாள். கணவன் எஸ்டேட் லோரி ஓட்டுபவன். வாரத்துக்கு ஒரு முறை வந்து அம்மாவோடு சண்டை போடுவாள். அந்தப் படியில் ஒரு நாள் உருண்டு விழப்போகிறாய், என்னோடு வந்துவிடு என்று. நியாயமான சண்டைதான்.

"அவ வீட்ல குசினிக்கு அடுத்தது கக்கூசு மிஸ். நடுவுல ஒரு பலகைதான். அதோட கோயிலு? சுங்கை பாக்காப்லருந்து ரெண்டு பஸ் மாறி, பெரிக் கப்பல் ஏறி வரணும். வருவேனா இந்த வயசுல?"

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புதிய சோதனை வந்தது. எலும்பு என்பது கல் மாதிரி அப்படியே இருப்பதில்லை. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுத்து, மறுபடியும் கட்டிக்கொண்டே இருக்கிறது. வயதான பெண்களுக்கு அரிப்பது கூடும், கட்டுவது பின்தங்கும். அரித்ததில் உதிரும் துணுக்குகள் சிறுநீரில் வெளியேறும். அதை அளந்தால் எலும்பு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று உடைவதற்கு முன்பே தெரிந்துவிடும் என்றார்கள். ஒரு கம்பெனிக்காரன் சோதனைப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்து, பழகிப் பார்க்கச் சொன்னான். எங்கள் எலும்பு டாக்டர், வயதானவர்களாக நாற்பது பேரைத் தேடிப்பிடிக்கச் சொன்னார். எலும்பின் அடர்த்தியைப் படம் எடுக்கும் இயந்திரம் அப்போது எங்களிடம் கிடையாது. அதனால் எனக்கு இது பெரிய காரியமாகப்பட்டது. முதலில் அக்காவைத்தான் நினைத்தேன்.

மகளும் ஒப்புக்கொண்டாள். என் முன்னால் வைத்தே அம்மாவிடம் சொன்னாள்: "சரி, டெஸ்ட் பண்ணு. எலும்பு நல்லா இருக்குன்னு பேப்பர்ல வந்துச்சுன்னா நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லன்னா பேசாம எங்கூட வந்துரணும்."

"சரி," என்றார் அக்கா.

ஆகவே அந்தச் சிறுநீரை வைத்துத்தான் அக்கா எங்கே வாழ்வது என்று முடிவாக இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஒரு நாள் முழுக்கப் போவதையெல்லாம் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் குடுவை ஒன்றைக் கொடுத்தேன். "ஃப்ரிட்ஜில வைங்கக்கா. வெளிச்சம் படக் கூடாது," என்றேன். தலையாட்டினார். நான் நம்பினேன். ஃப்ரிட்ஜிலிருந்து என் சோற்றை எடுத்துக் கொட்டிய மனுஷி, புருஷனைச் சாகக்கூட வீட்டுக்குள் விடாத மனுஷி, தன் சிறுநீரைப் பாலுக்கும் பூவுக்கும் பக்கத்தில் வைப்பார் என்று நம்பினேன். கிட்டத்தட்ட இருபது வருடம் பழகியவள் நான். என் வீட்டு ஃப்ரிட்ஜில் நானே வைத்திருக்க மாட்டேன், அம்மா என்னையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பார். அதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

சோதனைத் தட்டில் நோயாளிகளுக்கென்று நாற்பது குழி. ஒரே ஓட்டமாக ஓட்டினால்தான் கணக்கு நேராகும். முப்பத்தொன்பது பேருடையது வந்து உறைபதனப் பெட்டியில் காத்திருந்தது. கம்பெனிக்காரன் மத்தியானம் வருவதாக இருந்தான். அக்கா காலை பத்து மணிக்கு வந்தார். குடுவையைப் பளபளவென்று கழுவித் திருப்பிக் கொடுத்தார்; அது காலியாக இருந்தது. பிறகு பிளாஸ்டிக் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய இரண்டு சர்பத் போத்தல்களை எடுத்து வைத்தார். வெள்ளைக் கண்ணாடி.

"அந்தக் குடுவை வேணாம் மிஸ். முப்பது வருசம் நாந்தான அதெல்லாம் கழுவினேன். யாரு யாரு தொட்டதுன்னு எனக்குத் தெரியும். இது நம்ம வீட்டுப் போத்தல், சுடுதண்ணில அலசி ஊத்தினது."

கையில் எடுத்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

"ஃப்ரிட்ஜில வைக்கலியாக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாமிக்குப் பால் இருக்கு அதுல. பின்னாடி கக்கூஸ் சுவத்து மேல வெச்சிருந்தேன். சுத்தமான இடந்தான். நல்ல வெயில், ஈ எறும்பு கிட்ட வராது."

பினாங்கு வெயில். நேற்று முழுக்க மேகமே இல்லை. சோதனைப் பெட்டியோடு வந்த தாளில் ஒரு வரி இருந்தது: வெயில் பட்டால் அந்தத் துணுக்குகள் சிதைந்துபோகும், அளவு குறைத்துக் காட்டும். அந்தத் தாளை மூன்று முறை படித்தவள் நான்.

"இன்னொரு நாள் எடுத்துட்டு வர முடியுமாக்கா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "பஸ்ல பக்கத்துல ஒரு பொம்பள உக்காந்திருந்தா மிஸ். பையில என்னான்னு கேட்டா. எல்லாரோடதையும் நான் தூக்கினேன், ஒரு நாளும் வெக்கப்படல. என்னோடத நானே தூக்கிட்டு வர்றது… இன்னொரு தரம் சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. போத்தலில் லேபிளை ஒட்டினேன். "சரியாகப் பெறப்பட்டது" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். இரக்கப்பட்டுத்தான் வாங்கிக்கொண்டேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். இரக்கம் கொஞ்சம் இருந்தது. மீதியெல்லாம் நாற்பதாவது குழி காலியாக இருக்கக் கூடாது என்பதுதான்.

நாற்பது பேரில் அக்காவுடைய எண்தான் ஆகக் குறைவு. எலும்பு டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, இருபது வயதுப் பெண்ணின் எலும்பு என்று சிரித்தார். வளைந்த முதுகு வயதின் சோர்வாக இருக்கும் என்றார். மாத்திரை எதுவும் எழுதவில்லை. அவ்வளவு நல்ல எண் வந்தபோதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். கம்பெனிக்காரன் பக்கத்தில் நின்று, எப்படி ஓட்டியிருக்கிறீர்கள் மிஸ், பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா ரவைக் கேசரி செய்து எடுத்துவந்தார். ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவரவில்லை, என்னைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்க் கொடுத்தார். "வாயடைச்சுப் போய்ட்டா மிஸ் அவ. பேப்பர்ல இருக்கில்ல," என்றார். மனிதர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருப்பதைப் பார்த்தால் உண்மையைச் சொல்ல மனம் வருமா? கேசரி நன்றாக இருந்தது. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏழு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, கோயிலுக்குப் புறப்பட்டு இறங்கும்போது கடைசி இரண்டு படி இருக்கையில் அக்கா விழுந்தார். இரண்டே படி. இடுப்பு எலும்பு மூன்று துண்டு. கீழ்க் கடைச் சீனர்தான் தன் வேனில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். இந்த எலும்பில் ஒன்றுமே இல்லையே, அன்றைக்கு அந்த எண் எப்படி வந்தது, மாதிரி ஒழுங்காகத்தான் வந்ததா என்று கேட்டார்.

"ஒழுங்காத்தான் டாக்டர் வந்துச்சு," என்றேன்.

"வெயில்லயோ எங்கயோ வெச்சுட்டாங்களோ?"

"தெரியல டாக்டர். எனக்குக் குடுத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். இந்தச் சோதனையை நம்ப முடியாது என்று முடிவு கட்டி, அதன் பிறகு எழுதுவதையே விட்டுவிட்டார். என் ஒரு பொய்யால் பழி சோதனை மேல் விழுந்தது. சோதனைக்கு வாய் இல்லை, அதனால் எனக்கு ஆபத்து இல்லை.

அக்கா மறுபடி நடக்கவில்லை. மகள் சுங்கை பாக்காப்புக்குக் கூட்டிப்போனாள். நான் போய்ப் பார்க்க நான்கு மாதம் ஆயிற்று. வேலை அதிகம் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹோர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பெரி ஏறினேன்.

முன்கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். வேறு அறை இல்லை. கட்டிலுக்கு மேலே சாமி படங்கள். கட்டிலுக்குக் கீழே சட்டி. நான் நுழைந்தபோது மகள் அதை மூடி எடுத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் நடந்து போனாள். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உடம்பு பாதியாகியிருந்தது, கொண்டை இல்லை, முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக் கழுத்து வரை மூடிக்கொண்டார்.

மகள் நல்லவள். அதையும் சொல்ல வேண்டும். காலையும் மாலையும் துடைத்துவிட்டு, பவுடர் போட்டு, புண் வராமல் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் உடம்பு களைத்திருந்தது, யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அந்த ரிப்போர்ட்டை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"பாருங்க மிஸ். எலும்பு நல்லா இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. நல்ல எலும்பு ரெண்டு படியில விழுந்தா உடையுமா? அவசரம். விளக்குத் தேய்க்க ஓடணும். கண்ண எங்கயோ வெச்சுட்டு இறங்கியிருக்கு. சொன்னா ஒத்துக்கவே மாட்டேங்குது, பாத்துத்தான் இறங்கினேன், கால் தானா உள்ள வாங்கிருச்சுன்னு நாலு மாசமா ஒரே பிடிவாதம்."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தேத்தண்ணி போட உள்ளே போனாள். பலகைக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. அக்கா மெல்லத் தலையைத் திருப்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மிஸ். ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா? அந்தப் போத்தல வெயில்ல வெச்சேனே, அதனால மாறிப் போயிருக்குமா?"

முப்பது வருஷம் மருத்துவமனையில் இருந்தவர். படுத்த படுக்கையில் நான்கு மாதம் யோசித்து, டாக்டர் கேட்டுவிட்டுக் கைவிட்டதைக் கண்டுபிடித்துவிட்டார். என் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கினபோதே எனக்குத் தெரியும், தப்பு என்னுடையது, உங்கள் காலும் கண்ணும் தப்புச் செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னை வேலையைவிட்டுத் தூக்கியிருக்கப் போகிறாரா? யாரிடமும் சொல்லியிருக்கக்கூட மாட்டார். ஆனால் உள்ளே மகள் இருந்தாள். என் கையில் நானே கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. அந்த வருடம்தான் எனக்குத் தலைமை டெக்னீஷியன் பதவி வர இருந்தது.

"இல்லக்கா. அதெல்லாம் மாறாது," என்றேன்.

"நெசமா?"

"நெசமாத்தான்க்கா."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நம்பினார். என்னை நம்பினார்.

மகள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். அக்கா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ சொன்னதுதான் சரி. நாந்தான் பாத்து இறங்கல. உன்ன இந்தப் பாடு படுத்தறேன், என்ன மன்னிச்சிரும்மா," என்றார்.

மகள் அழுதாள். அக்காவும் அழுதார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.